நாலு மாட்டுக் கட்டுத்தரை: சாணியில் தொடங்குங்கள், சோலாரைக் கடைசியில் வையுங்கள்

இரண்டு முதல் ஐந்து கலப்பினக் கறவை மாடுகள், ஒரு ஏக்கருக்குக் குறைவான நிலம், காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றும் வழக்கம். தமிழ்நாட்டில் இந்த அளவில் புதிதாக மாடு வாங்கித் தொழிலில் இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூறு மாட்டுப் பண்ணைக்குக் கணக்கே வேறு, அது இங்கே வேண்டாம்.

சூழலைக் கெடுக்காமல் மாடு வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது கடையில் விற்கும் சாமான்கள்தான். சோலார் தகடு, மண்ணில்லாமல் தண்ணீரில் தானியத்தை முளைக்கவைக்க முளைப்பாரி போல வரிசையாக அடுக்கிய ஹைட்ரோபோனிக் தீவனத் தட்டு, பால் கறக்கும் மெஷின். அவற்றில் பணத்தைப் போட்டுவிட்டு, சாணியைத் தெருவோரம் குவித்து மழையில் கரையவிடும் கட்டுத்தரைகள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். மாட்டிலிருந்து வெளியே வருவதை முதலில் சரிசெய்யுங்கள்: சாணி, மூத்திரம். அப்புறம் உள்ளே போவது: புல், தீவனம், தண்ணீர். மின்சாரம் கடைசி.

ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தினமும் காலையில் இதை யார் செய்வது? மானியத்தில் கட்டிய கோபர் கேஸ் (சாண எரிவாயு) குழிகள் பல ஊர்களில் மண் மூடிக் கிடக்கின்றன. தொழில்நுட்பம் பொய்த்துப் போனதால் அவை மூடப்படவில்லை. தினம் சில கூடை சாணியும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்ற ஆள் இல்லாமல் போனதுதான் பல இடங்களில் காரணம். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார். அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு எதுவும் நிலைக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மானியத்தையும் விலையையும் அலசும் பேச்சில் இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதே இல்லை.

முதல் வாரம்: எதையும் வாங்காமல் அளந்து பாருங்கள்

ஒரு வாரத்துக்குச் சாணியைக் கூடையோடு நிறுத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கட்டுத்தரையிலேயே நிற்கும் கலப்பின மாடு ஒன்று 15 கிலோ அளவில் சாணி போடும். மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடென்றால் நம் கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். கோபர் கேஸ் எந்த அளவில் கட்டலாம் என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும், வீட்டில் எத்தனை மாடு என்பது அல்ல.

அடுத்தது தண்ணீர். கட்டுத்தரை கழுவும் ஹோஸை ஒரு 10 லிட்டர் பக்கெட்டில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கழுவ ஆகும் நேரத்தோடு பெருக்கினால் தினச்செலவு தெரிந்துவிடும். பலருக்கு இந்த எண் அதிர்ச்சியாகவே இருக்கும். மூன்றாவது, தீவனத் தொட்டியில் மாடு ஒதுக்கித் தள்ளும் சோளத்தட்டு, புல் தண்டு. அதையும் கூட்டி எடுத்து நிறுத்துக் குறித்துவையுங்கள்.

தரை: சாணியை வழித்து எடுத்த பிறகே கழுவுங்கள்

கட்டுத்தரைத் தளம் சிமெண்ட்டாக இருந்தால் 10 அடிக்கு 2 அங்குலம் பின்பக்கமாகச் சரிவு வேண்டும். மாடு வழுக்காமலிருக்கத் தளத்தில் கோடு கீறியிருக்க வேண்டும். பின்னால் ஒரு சின்ன வாய்க்கால், அது போய்ச் சேர மூடியுள்ள ஒரு தொட்டி. இவ்வளவு போதும். பழைய தளத்தை உடைத்துப் புதிதாகப் போட வேண்டியதில்லை, வாய்க்காலை மட்டும் ஒரு கொத்தனாரை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் சாணியைத் தண்ணீர் படாமல் மண்வெட்டியாலோ தகரத்தாலோ வழித்து எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை விளக்குமாற்றால் தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர். இந்த வரிசையை மாற்றி, ஹோஸால் சாணியை அடித்துத் தள்ளுவதுதான் தண்ணீர் வீணாவதற்கு முக்கியக் காரணம். அப்படித் தள்ளிய சாணி ஓடையில் கலந்துவிடும், கோபர் கேஸுக்கும் ஆகாது, உரத்துக்கும் ஆகாது.

கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் காரநெடி அமோனியா. மூத்திரத்தில் இருந்த தழைச்சத்து காற்றில் போகிறது என்பதுதான் அதன் பொருள். நாளை யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கப்போவது இதே தழைச்சத்தைத்தான். மூத்திரத் தொட்டியில் சேர்வதை அன்றன்றைக்கே புல்வயலுக்குப் பாயும் தண்ணீரோடு கலந்துவிடுங்கள். நேராக ஊற்றினால் புல் கருகும்.

பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீருக்குத் தனி வழி வையுங்கள். அது கோபர் கேஸ் கலனுக்குள் போகக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில் தெரியும்.

கோபர் கேஸ்

சாணியில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றுப்படாத இடத்தில் அதைச் செரித்து மீத்தேன் உண்டாக்கும். அதைப் பிடித்து அடுப்பில் எரிப்பதுதான் கோபர் கேஸ். வெளிவரும் வாயுவில் மீத்தேன் ஏறக்குறைய 55 முதல் 65 சதவீதம், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு மீத்தேன். ஆகவே பிடித்ததை எரித்துவிட வேண்டும். கசியும் கலன், காய்ந்து கிடக்கும் சாணிக் குவியலைவிடச் சூழலுக்குக் கெடுதல். கோபர் கேஸ் போட்டுவிட்டோம், புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கசிவில்லாமல் ஓடினால்தான் நன்மை.

அளவு: ஒரு கன மீட்டர் கலன் என்றால் நாளுக்கு அவ்வளவு வாயு தரும் கலன். அதற்குத் தினமும் 25 கிலோ புதுச்சாணி. இரண்டு கன மீட்டருக்கு 50 கிலோ. ஒரு கன மீட்டர் வாயு ஏறக்குறைய 430 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 33 கன மீட்டர் வேண்டும். இரண்டு கன மீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் நாலைந்து பேர் இருக்கும் வீட்டின் சமையலை ஓட்டலாம். ஒற்றை அடுப்பு என்றால் தினம் நாலு மணி நேரம்வரை எரியும். மூன்று மாடு வைத்துக்கொண்டு மூன்று கன மீட்டர் கட்டுவது வீண். பசியோடு இருக்கும் கலன் சரியாக வேலை செய்யாது. சந்தேகமென்றால் சின்னதாகவே கட்டுங்கள்.

வகை: செங்கல்லும் சிமெண்ட்டும் வைத்துத் தரைக்கடியில் குவிமாடமாகக் கட்டுவது தீனபந்து மாதிரி, 1984-ல் வந்தது. மேலே இரும்பு டிரம் மிதக்கும் பழைய மாதிரி காதி கிராமத் தொழில் ஆணையத்துடையது. இரும்பு டிரம் துருப்பிடிக்கும், ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்க வேண்டும். இப்போது ஃபைபர் டிரம்மும் கிடைக்கிறது. பலூன் போல விரியும் ரப்பர் பை மாதிரி விலை குறைவு, ஒரே நாளில் பொருத்திவிடலாம். ஆனால் வெயிலும் எலியும் முள்ளும் அதற்கு எதிரி. சொந்த நிலம், தோண்டினால் நீர் ஊறாத மண், அனுபவமுள்ள கொத்தனார் மூன்றும் இருந்தால் தீனபந்துதான் என் தேர்வு. தரைக்கடியில் இருப்பதால் குளிர்காலத்திலும் சூடு ஓரளவு தங்கும், மேலே இடமும் வீணாகாது. டெல்டா மாதிரி நீர்மட்டம் மேலே இருக்கும் ஊர்களில் குழி தோண்டுவதே பாடு. அங்கே பலூன் வகையோ ஃபைபர் வகையோ பாருங்கள். தீனபந்துவில் கொத்தனாரின் கைதான் எல்லாம். குவிமாடப் பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு நிற்காது. அவர் முன்பு கட்டிய கலன் ஒன்று இன்னும் ஓடுகிறதா என்று நேரில் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

இடம்: கட்டுத்தரைக்கும் அடுப்படிக்கும் நடுவே, வெயில் படும் இடத்தில், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. பக்கத்தில் பெரிய மரம் வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். சாணி கரைக்கும் தொட்டி கட்டுத்தரைத் தளத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தால் சாணியைத் தூக்க வேண்டாம், தள்ளிவிட்டாலே போதும். கட்டும்போது இதை யோசித்துச் செய்தால், அடுத்த இருபது ஆண்டுக்கு யாரோ ஒருவரின் இடுப்பு வலி மிச்சம்.

முதல் நிரப்பு: இரண்டு கன மீட்டர் கலனுக்கு ஆரம்பத்தில் இரண்டு டன் அளவுக்குச் சாணி தேவைப்படும். நம் நாலு மாட்டுச் சாணியை மட்டும் நம்பினால் நிரம்பவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அக்கம்பக்கத்தில் கேட்டுச் சில நாளுக்குள் சேர்த்து நிரப்பிவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து சில பக்கெட் கரைசல் வாங்கி ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், தயிருக்கு உறை ஊற்றும் அதே தத்துவம்தான். முதலில் வரும் வாயு எரியாது, அதில் காற்றும் கார்பன் டை ஆக்சைடும்தான் அதிகம். அதைத் திறந்து வெளியேற்றிவிட வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நீல நிறத்தில் எரியத் தொடங்கும். எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கலனின் வாயிலோ குழாய் முனையிலோ காட்டவே கூடாது. அடுப்பில் மட்டும்தான். அடுப்பும் கோபர் கேஸுக்கென்று உள்ள அடுப்பாக இருக்க வேண்டும். இதன் அழுத்தம் குறைவு, சாதாரண எல்.பி.ஜி. அடுப்பின் துளை ஒத்துவராது.

தினசரி வேலை இப்படி. சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி. தொட்டியில் போட்டுக் கையாலோ கட்டையாலோ கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கரைக்கும்போது விரலில் தட்டும் வைக்கோல் துணுக்கு, கல், கயிற்றுத் துண்டு எல்லாவற்றையும் அரித்து எடுத்துவிட வேண்டும். வைக்கோல் உள்ளே போனால் மேலே மிதந்து ஏடு கட்டி வாயுவை அடைக்கும். மண் அடியில் படிந்து ஆண்டுக்கு ஆண்டு கலனைச் சிறிதாக்கும். கரைத்தபின் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மணல் அடியில் தங்கியதும் அடைப்பானைத் திறந்து உள்ளே விடுங்கள். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை. கட்டுத்தரை கழுவிய தண்ணீரையே இதற்குப் பயன்படுத்தினால் தனியாகத் தண்ணீர் செலவே இல்லை. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் கலனிலிருந்து வெளிவரும் கரைசலின் தெளிந்த பகுதியைப் பாதி அளவுக்குக் கலந்துகொள்ளலாம்.

வாயு குறைந்தால் எங்கே பார்ப்பது? முதலில் குழாய். வாயுவோடு வரும் நீராவி குழாய்க்குள் நீராகத் தங்கிவிடும், சுடர் துள்ளித் துள்ளி எரியும். அதற்காகத்தான் குழாயில் தாழ்வான இடத்தில் நீர் வடிக்கும் அமைப்பு வைப்பார்கள். வாரம் ஒருமுறை அதைத் திறந்துவிடுங்கள். அடுத்து கசிவு. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். அடுத்து உள்ளே என்ன போனது என்பது. மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் அந்த மாட்டின் சாணியைச் சில நாள் தனியாக எருக்குழியில் போடுங்கள். கலனுக்குள் வேலை செய்வதே நுண்ணுயிர்கள்தானே. பினாயில் தண்ணீரும் அவற்றைத்தான் கொல்லும். மார்கழி, தை மாதத்தில் வாயு இயல்பாகவே குறையும். அதற்காகப் பதற வேண்டாம், சாணியை வெதுவெதுப்பான பகல் நேரத்தில் கரைத்து ஊற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. எந்தக் காரணத்துக்காகவும் ஓடிக்கொண்டிருக்கும் கலனுக்குள்ளோ, காலி செய்த கலனுக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். ஒருவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் போன துயரங்கள் நம் நாட்டில் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. உட்புறம் சுத்தம் செய்ய இதற்கென்றே பயிற்சியும் கருவிகளும் உள்ளவர்களை மட்டும் கூப்பிடுங்கள். சாணித் தொட்டிக்கும் வெளிவாய்க்கும் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட்டுவிடுங்கள்.

ஸ்லரி எங்கே போகும்?

இரண்டு கன மீட்டர் கலனிலிருந்து தினமும் நூறு லிட்டர் அளவுக்குச் செரித்த சாணிக் கரைசல், அதாவது ஸ்லரி, வெளியே வரும். கலன் கட்டும்போது இதை யோசிக்காதவர்கள் பிறகு இதனாலேயே கலனைக் கைவிடுகிறார்கள். வெளிவாய்க்குப் பக்கத்தில் இரண்டு குழி எடுத்து, ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றிவிடுங்கள். குழிக்குள் காய்ந்த இலை, மாடு ஒதுக்கிய தட்டு, புல் தண்டு போட்டால் கரைசலை உறிஞ்சிக்கொண்டு நல்ல எருவாகும். இல்லாவிட்டால் வாய்க்கால் வழியாகப் பாசனத் தண்ணீரோடு நேராகப் புல்வயலுக்கே விடலாம், அதுதான் சுலபம். வெயிலில் பரப்பிக் காயவைக்காதீர்கள், அமோனியாவாகத் தழைச்சத்து போய்விடும். இந்தக் கரைசலில் களைவிதை முளைப்பது குறைவு, ஈயும் மொய்க்காது. கலனில் செரிக்காத சாணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வயலில் தெரியும்.

குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்து ஜகாரியாபுரா கிராமத்தில், தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு வீட்டுக்கு வீடு கோபர் கேஸ் வைத்து, மிஞ்சிய ஸ்லரியைப் பெண்கள் விற்று வருமானம் பார்க்கிறார்கள். நம் சொசைட்டிகளிலும் இப்படி ஒன்றைத் தொடங்க முடியும் என்று நான் நம்புகிறேன். பால் வண்டி தினமும் ஊருக்குள் வருகிறது, கணக்கு வைக்க ஆள் இருக்கிறார், உறுப்பினர்கள் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறார்கள்.

கோபர் கேஸ் ஒத்துவராதவர்கள் மண்புழு உரம் பக்கம் போகலாம். சாணியை இரண்டு வாரம் நிழலில் ஆறவிட்ட பிறகே புழுவை விட வேண்டும், புதுச்சாணியின் சூட்டில் புழு செத்துவிடும். நிழலும் ஈரமும் எறும்புத் தடுப்பும் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் உரம் எடுக்கலாம்.

புல்: மாட்டுக்குப் பத்து சென்ட்

ஒரு கறவை மாட்டுக்குத் தினம் 25 கிலோ அளவில் பசுந்தீவனம் வேண்டும். பாசனம் இருந்தால் மாட்டுக்குப் பத்து சென்ட் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் கோ-4 ரகத்தையும் 2012-ல் கோ-5 ரகத்தையும் வெளியிட்டது. இரண்டு கணு உள்ள கரணையாக நட்டு, முதல் அறுவடை 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து நாளுக்கொரு துண்டு அறுத்தால் எப்போதும் பதமான புல் இருக்கும். முற்றவிட்டால் தண்டு கட்டையாகி மாடு ஒதுக்கும், ஒதுக்கியதெல்லாம் நட்டம். கட்டுத்தரைத் தண்ணீரும் ஸ்லரியும் பாயும் இடத்தில் இந்தப் புல்லை வைத்தால் யூரியா மூட்டை எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறையும்.

புல் மட்டும் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம்: வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு. வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, முருங்கை, சூபாபுல். சூபாபுல்லை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு மாட்டுக்கு ஆகாது. புண்ணாக்கு வாங்கும் செலவைக் குறைப்பவை இந்தப் பயறுவகைகள்தான்.

மானாவாரி நிலமென்றால் கோ.எஃப்.எஸ்.-29 தீவனச்சோளம். ஒருமுறை விதைத்துப் பலமுறை அறுக்கலாம். எந்தச் சோளமானாலும் இளம்பயிராக, குறிப்பாக வறட்சியில் வாடியிருக்கும்போது அறுத்துப் போடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு இருக்கும். பூத்த பிறகு அறுங்கள். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல் மரங்கள். பாசனமே இல்லாமல் வறண்ட பூமியில் தலைமுறை தலைமுறையாக மாடு காத்த முறை அது. இதைவிடச் சூழலுக்கு இசைந்த மாட்டுத் தீவன ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

புல் நறுக்கும் மெஷின் நிச்சயம் வாங்க வேண்டிய பொருள். ஓரங்குலத்துக்குள் நறுக்கிப் போட்டால் மாடு தண்டையும் தின்றுவிடும். முதல் வாரத்தில் எழுதிவைத்த கழிவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைவிரல் விஷயத்தில் கவனம், பாதுகாப்பு உறை இல்லாத மெஷினை விலை குறைவென்று வாங்காதீர்கள். மழைக்காலத்தில் புல் மிஞ்சினால் நறுக்கிச் சற்று வாடவிட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றில்லாமல் மிதித்து அமுக்கி மூடிவையுங்கள். 45 நாளில் ஊறுகாய்ப்புல் தயார்.

ஏப்பமும் தீவனமும்

மாடு வெளிவிடும் மீத்தேனில் பெரும்பகுதி வாய்வழியாக ஏப்பமாக வருகிறது. முழுக்க நிறுத்த முடியாது, அசைபோடும் பிராணியின் இயல்பு அது. ஆனால் ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்பதைக் குறைக்கலாம். வைக்கோலை மட்டும் தின்னும் மாடு, நார்ச்சத்தைச் செரிக்கத் திணறிக்கொண்டு, அதிக மீத்தேனும் குறைந்த பாலும் தரும். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஏறக்குறைய இப்படி: பசுந்தீவனம் 25 கிலோ, அதில் ஐந்தாறு கிலோ பயறுவகை, வைக்கோல் அல்லது தட்டு 4 கிலோ, கலப்புத் தீவனம் 4 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம். சாணியைக் கூர்ந்து பாருங்கள். அதில் முழுசு முழுசாக மக்காச்சோளம் தெரிந்தால் நீங்கள் வாங்கிப் போட்ட தீவனம் அப்படியே வெளியே வருகிறது என்று பொருள். அரைத்துப் போடுங்கள், அளவைக் குறையுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் சினை. கறவை வற்றியும் சினைபிடிக்காமல் நிற்கும் மாடு தின்பதை நிறுத்தாது, ஏப்பத்தையும் நிறுத்தாது. கன்று போட்ட மூன்று மாதத்துக்குள் சினைப்பருவத்தைக் கவனித்துச் சினை ஊசி போட்டு, ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கில் கொண்டுபோவதைவிடச் சிக்கனமான மீத்தேன் குறைப்பு சிறுபண்ணையில் வேறில்லை. அதற்கு மெஷின் வேண்டாம். ராத்திரி படுக்கப் போகுமுன்னும் விடியற்காலையிலும் கட்டுத்தரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எந்த மாடு கத்துகிறது, எதில் கண்ணாடி போல வழும்பு வடிகிறது என்று பார்த்துத் தேதியைச் சுவரில் எழுதிவைக்கும் பழக்கம் போதும்.

மீத்தேனைக் குறைக்கவென்றே தீவனச் சேர்க்கைகளும் வந்துவிட்டன. பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் உருவாக்கிய ‘ஹரித் தாரா’ தாவரப் பொருள்களிலிருந்து செய்யப்படுவது, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம்வரை குறைக்கிறது என்று அந்நிறுவனம் சொல்கிறது. உங்கள் பக்கம் கிடைத்தால் நல்லது. ஆனால் தாது உப்பே போடாத தொட்டியில் இதைப் போட்டு என்ன பயன்?

அசோலா: ஈரக் கணக்கு

தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி அசோலா. அதில் 25 சதவீதம் புரதம் என்று எல்லாரும் சொல்வார்கள். காயவைத்த நிலையில் அது ஏறக்குறைய உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றுநாலு பங்கு தண்ணீர்தான். மாட்டுக்கு இரண்டு கிலோ போட்டால் உள்ளே போகும் புரதம் 30 முதல் 35 கிராம். எழுபது, எண்பது கிராம் கடலைப்புண்ணாக்கில் அதே புரதம் கிடைத்துவிடும். நிழல் கட்டி, தார்ப்பாய் விரித்து, மண்ணும் சாணிக்கரைசலும் கலந்து, வாரா வாரம் தண்ணீர் மாற்றி அலசும் உழைப்பை இதோடு வைத்துப் பாருங்கள். கோழிக்கும் கன்றுக்கும் கொஞ்சம் போட வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். புண்ணாக்குக்கு மாற்று என்று நம்பிப் பாதியாகக் குறைத்தால் பால் இறங்கிவிடும். அந்த உழைப்பை வரப்பில் அகத்தி நடுவதற்குக் கொடுங்கள்.

ஹைட்ரோபோனிக் தட்டுக்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ மக்காச்சோளம் ஆறேழு கிலோ பச்சையாகப் பெருகுவது கண்ணுக்கு அழகு. பெருகியது தண்ணீர். முளைக்கும்போது தானியத்தின் உலர்சத்து கொஞ்சம் குறையவே செய்கிறது.

மருந்து

மடிநோய் கட்டுத்தரையின் பெரிய எதிரி. அதற்குப் போடும் ஆன்டிபயாட்டிக் பாலிலும் சாணியிலும் மண்ணிலும் போய்ச் சேர்கிறது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ மையம் தொகுத்துக் கொடுத்த முறை இன்று நாடு முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, பாலை முழுக்கப் பீச்சி மடியைக் கழுவியபின் நாளுக்கு எட்டுப் பத்து முறை தடவ வேண்டும். குறைந்தது ஐந்து நாள். மடி லேசாக வீங்கிப் பால் திரியத் தொடங்கும்போதே ஆரம்பித்தால் பலன் நன்றாக இருக்கும். காய்ச்சல், தீவனம் எடுக்காமை, பாலில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். ஊசி போட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது.

வெயில், கடைசியாகச் சோலார்

கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், பக்கவாட்டு வெயில் உள்ளே இறங்காது. தகரக் கூரை என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள் அல்லது தென்னங்கீற்று வேயுங்கள். மேற்கே இரண்டு வேம்போ புங்கனோ நடுங்கள். சித்திரை வெயிலில் மூச்சுவாங்கும் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு இது விசிறியைவிட உதவும். குடிதண்ணீர்த் தொட்டி நிழலில், எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும்.

இனி சோலார். 2 எச்.பி. புல் நறுக்கும் மெஷின் தினம் அரை மணி ஓடினால் முக்கால் யூனிட்டுதான் ஆகிறது. விளக்கும் விசிறியும் சேர்த்தாலும் நாலு மாட்டுக் கொட்டகையின் மின்செலவு சொற்பம். இதற்கென்று தனியாகத் தகடும் பேட்டரியும் போடுவது பணத்தை முடக்குவது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்துக் கூரையில் போடுவதென்றால் 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. டீசலில் பம்பு ஓட்டுபவரும், இலவச மின் இணைப்புக்கு வரிசையில் காத்திருப்பவரும் வேளாண்மைப் பொறியியல் துறையில் சோலார் பம்பு மானியத்தைக் கேளுங்கள், அவர்களுக்கு அது உண்மையில் பயன்படும். இலவச மின்சாரம் ஏற்கெனவே இருப்பவருக்கு அவசரமில்லை.

கோபர் கேஸ் மானியத்துக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகம், புல்கரணைக்கும் பயிற்சிக்கும் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம், தாது உப்புக்கும் கலப்புத் தீவனத்துக்கும் உங்கள் சொசைட்டி. மாடு வளர்ப்போருக்குக் கிசான் கிரெடிட் கார்டும் உண்டு, நிலப்பத்திரம் அடகு வைத்து வெளியே வட்டிக்கு வாங்குமுன் வங்கியில் அதைக் கேளுங்கள். மானியம் எதுவானாலும் இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் விசாரித்து, அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே குழி தோண்டுங்கள். கட்டி முடித்துவிட்டு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது. கட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கு வருபவர் தரைக்கடியில் இருப்பதைப் பார்க்க முடியாது.